வெட்டின் அளவா, இழப்பின் அளவா?

அண்மைக் காலமாக எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வியைப் பலர் கேட்கின்றனர். மண்டையோட்டின் அடித்தளத்தில் நரம்புக் கட்டி இருப்பதாக எம்.ஆர்.ஐ. படம் காட்டியவுடன், குடும்பத்தில் ஒருவர் கைப்பேசியில் பார்த்த காணொளி ஒன்றை நினைவுகூர்ந்து, "மூக்கு வழியாகவே எடுத்துவிடலாமாமே, தலையைத் திறக்க வேண்டியதில்லையாமே?" என்று கேட்கிறார். இக்கேள்வி நியாயமானது. தலையைத் திறப்பது என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சாதவர் யார்? ஆனால் அந்தக் கேள்விக்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. அதைப் பற்றி நோயாளிகளிடமும் அவர்தம் குடும்பத்தினரிடமும் மனம்விட்டுப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். மூளையிலிருந்து பன்னிரண்டு இணை நரம்புகள் புறப்படுகின்றன. அவை மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறிக் கண், முகம், காது, நாக்கு, தொண்டை ஆகியவற்றை அடைகின்றன. இந்நரம்புகளில் பெரும்பாலானவற்றைச் சுற்றி உறையாக அமைந்திருப்பவை ஷ்வான் செல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வானின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. அந்த உறையிலிருந்து வளரும் கட்டியே ஷ்வானோமா. இது பெரும்பாலும் புற்றுநோய் அன்று; மெதுவாக வளர்வது; உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாதது. ஆயினும் அது வளரும் இடம் மிகக் குறுகியது. மூளைத்தண்டும், மூளைக்குச் செல்லும் பெருந்தமனியும், பிற நரம்புகளும் அடுத்தடுத்து நெருங்கியிருக்கும் அவ்விடத்தில் ஓரிரு சென்டிமீட்டர் வளர்ச்சியும் பொருட்படுத்த வேண்டியதாகிறது.

இவ்வகைக் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது எட்டாம் நரம்பில், அதாவது கேள்வியையும் உடற்சமநிலையையும் காக்கும் நரம்பில் தோன்றுவது. அதற்கு அடுத்த நிலையில் இருப்பது ஐந்தாம் நரம்பில் தோன்றும் கட்டி. அடுத்த நிலை என்றாலும் அது மிக அரிதானது. ஆயிரம் மூளைக் கட்டிகளை எடுத்துக்கொண்டால் அவற்றுள் நான்கைக்கூட இது எட்டுவதில்லை.

ஐந்தாம் நரம்பை விளக்க எங்களுக்கு இவ்வூரிலேயே ஓர் உவமை கிடைத்திருக்கிறது. முக்கொம்பில் காவிரி பிரிந்து கொள்ளிடமாகவும் காவிரியாகவும் செல்வதையும், இடையே திருவரங்கம் தீவாக நிற்பதையும் அறியாதவர் நம்மிடையே இல்லை. 1836ஆம் ஆண்டு தொடங்கி ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கேதான் இருக்கிறது. பள்ளமான கொள்ளிடத்தில் நீர் ஓடிவிட, காவிரியை நம்பியிருந்த தஞ்சைத் தரணி வறண்டது. அதைச் சரிசெய்யக் கடைமடையில் வேலை செய்யவில்லை, நீர் பிரியும் தலைப்பில்தான் அணை எழுப்பினார்கள். ஐந்தாம் நரம்பும் பெயருக்கேற்ப மூன்று கிளைகளாகப் பிரிவது. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்திற்கும் மேல் பற்களுக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் கீழ்ப் பற்களுக்கும் செல்கின்றது. அவை பிரியும் இடத்தில் கட்டி வளர்ந்தால், கன்னம் மரத்துப்போகும்; எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றும்; பல்லில் வலி தெரியும். வயலுக்கு நீர் வராதபோது கடைமடை வாய்க்காலை மட்டும் தோண்டிக்கொண்டிருப்பது போல, தலைப்பில் இருக்கும் தடையை அறியாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஜீயபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயாரும் அவ்வாறே வந்தார். திருவரங்கத்தில் பூக்கட்டி விற்பவர். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக வலக் கன்னம் மரத்திருந்தது. இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்தும் வலி தீரவில்லை. பின்னர் ஒரு நாள் ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு நூல் இரண்டாகத் தெரிந்தது. அதன் பிறகே எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. ஐந்தாம் நரம்பில் நான்கு சென்டிமீட்டர் அளவில், நடுவில் இடுங்கி இரு புறமும் பருத்த உருவில் ஒரு கட்டி இருந்தது. அதன் முன்பகுதி மண்டையோட்டின் நடுக்குழியிலும், பின்பகுதி மூளைத்தண்டை அழுத்தியபடி பின்குழியிலும் கிடந்தன.

அவருடைய மகன் நன்கு படித்தவர். காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "சார், மூக்கு வழியா பண்ணுங்க. அம்மாவுக்குத் தலையில தையல் வேண்டாம்" என்றார். அன்று நாங்கள் அவருக்கு அளித்த விடையே எங்கள் கருத்தின் சாரம்.

மூக்கின் வழியே அகநோக்கிக் கருவியைச் செலுத்தி மண்டையோட்டின் அடித்தளத்தை அடையும் முறை, கடந்த முப்பது ஆண்டுகளில் பெருவளர்ச்சி கண்டது. பிட்யூட்டரிக் கட்டிகளுக்காகத் தொடங்கிய அம்முறையை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் முதலிய இடங்களில் மருத்துவர்கள் மேலும் விரிவாக்கினர். மூக்கின் நடுத்தட்டிலிருந்து எடுக்கும் மென்சவ்வு மடலைக் கொண்டு திறப்பை மூடும் நுட்பம் 2006இல் வெளிவந்த பிறகு, மூளைத் தண்டுவட நீர் கசியும் ஆபத்தும் குறைந்தது. ஐந்தாம் நரம்பின் முன்பகுதிக் கட்டிகளுக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. மூளையைத் தொடவோ ஒதுக்கவோ தேவையின்றி, முன்னிருந்து நேராகக் கட்டியை அடையலாம். காதுக்குப் பின்னால் நாணய அளவில் எலும்பைத் திறப்பதும், மேலிமையின் மடிப்பு வழியே செல்வதும் இத்தகைய சிறுதிறப்பு முறைகளே. இவற்றை நாங்கள் மதிக்கிறோம். தகுந்தவர்களுக்குப் பரிந்துரைக்கவும் செய்கிறோம்.

ஆயின் அந்தத் தாயாருக்கு அது தகுந்த வழி அன்று. மூக்கின் வழியே செல்லும்போது, மூளைக்குச் செல்லும் பெருந்தமனி ஒரு புறம் காவலாக நிற்கிறது. கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் ஆறாம் நரம்பு மேற்புறம் செல்கிறது. இவற்றிற்கு இடைப்பட்ட சிறு சாளரத்தின் வழியாகத்தான் கருவிகள் நுழைய வேண்டும். அந்தச் சாளரத்திலிருந்து பார்த்தால் கட்டியின் பின்பகுதி தமனிக்குப் பின்னால் மறைந்திருந்தது. மூளைத்தண்டை அழுத்திக்கொண்டிருந்ததும் அதே பின்பகுதிதான். தழும்பில்லாமல் முன்பகுதியை எடுத்து, ஆபத்தான பகுதியை விட்டுவிட்டு வருவது சிறிய அறுவை சிகிச்சை ஆகாது. அரைகுறை அறுவை சிகிச்சையே ஆகும். ஆகவே காதுக்கு மேற்புறம் எலும்பைத் திறந்து, மூளையின் உறையடுக்குகளுக்கு இடையே சென்று கட்டியை எடுப்பதாகச் சொன்னோம்.

மகன் தயங்கினார். அதுவரை பேசாதிருந்த தாயார் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "தழும்பு இருந்துட்டுப் போகுது ஐயா. கொண்டை போட்டுப் பூ வச்சா யாருக்குத் தெரியப் போகுது? சோறு சாப்பிடும்போது வாயோரம் வழியறது நிக்குமா, நூல் ஒண்ணாத் தெரியுமா, அதைச் சொல்லுங்க."

முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று தொடக்கத்தில் நாங்கள் குறிப்பிட்டது இதுவே. வெட்டு எவ்வளவு சிறியது என்பதன்று. சிகிச்சை முடிந்த பின் என் வாழ்க்கையில் எது மிஞ்சும், எது போகும் என்பதே அக்கேள்வி. சிறுமை என்பதைத் தோலின் மேல் அளக்கக் கூடாது. நரம்பின் மேல் அளக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு.

இதன் மறுபக்கத்தையும் கூறுவது நேர்மை. லால்குடிப் பக்கத்து மாணவர் ஒருவருக்கு ஐந்தாம் நரம்பின் முன்பகுதியில் மட்டும் கட்டி இருந்தது. மூக்கு வழியாகவே அதை அகற்றினோம். ஒரு வாரத்திற்குள் வீடு திரும்பினார். வெளியே ஒரு கீறலும் இல்லை. ஆனால் அவ்வழியில் செல்லும்போது கண்ணீர்ச் சுரப்பிக்குச் செல்லும் மெல்லிய நரம்பொன்றைத் துண்டிக்க நேர்ந்தது. அவருடைய ஒரு கண்ணில் இன்றும் கண்ணீர் போதிய அளவு சுரப்பதில்லை; நாள்தோறும் சொட்டு மருந்து இட வேண்டியிருக்கிறது. மூக்கில் பொருக்குக் கட்டுவது இரண்டு மாதங்கள் நீடித்தது. இவற்றை முன்னரே சொல்லியிருந்தோம். எனினும் "தழும்பில்லை" என்ற சொல்லின் இனிமையில் அவை காதில் விழவில்லை என்று பின்னர் அவரே கூறினார். நாங்களும் அச்சொல்லை அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாம். விளம்பரத் தட்டிகளிலும் காணொளிகளிலும் "தழும்பற்ற சிகிச்சை" என்று எழுதும் வழக்கம் மருத்துவ உலகில் பெருகிவிட்டது. வெளியே தழும்பில்லை என்பதனால் உள்ளே விலை எதுவும் கொடுக்கப்படவில்லை என்று ஆகாது.

இத்துறையின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டாம் நரம்புக் கட்டியை அறுவை சிகிச்சையால் எடுக்க முயன்றபோது, பெரும்பாலான நோயாளிகள் உயிர் பிழைக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் 1917இல் இக்கட்டிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். கட்டியின் உட்பகுதியை மட்டும் அகற்றி, உறையை விட்டுவிடும் அவரது முறையால் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. அவருக்குப் பின் வந்த வால்ட்டர் டாண்டி கட்டியை முழுமையாக எடுத்துக் காட்டினார். 1960களில் வில்லியம் ஹவுஸ் நுண்ணோக்கியை அறுவை அரங்கிற்குக் கொண்டுவந்தபின், முகநரம்பைக் காப்பது எட்டக்கூடிய இலக்காயிற்று. அதே காலத்தின் இறுதியில் ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் காமா நைஃப் கருவியை உருவாக்கி, கத்தியின்றிக் கதிர்களால் கட்டியின் வளர்ச்சியை நிறுத்தும் வழியைத் திறந்தார். இன்றோ, முகநரம்போடு ஒட்டிப் பிரிக்க இயலாத கட்டியின் மெல்லிய படலத்தை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். குஷிங் அன்று உயிரைக் காப்பதற்காக விட்டார். நாங்கள் இன்று முகத்தைக் காப்பதற்காக விடுகிறோம்.

"எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா?" என்பதே அறுவை அரங்கின் வாசலில் குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி. "சிறிது விட்டிருக்கிறோம்" என்று சொன்னால் முகங்கள் வாடிவிடுகின்றன. அன்புகூர்ந்து இதைத் தோல்வியாகக் கருதாதீர்கள். புற்றல்லாத, மெதுவாக வளரும் ஒரு கட்டியின் மிச்சத்தை ஆண்டுதோறும் படமெடுத்துக் கண்காணிக்கலாம். வளர்ந்தால் கதிர்வீச்சு அளிக்கலாம். ஆனால் அறுபட்ட முகநரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எவராலும் இயலாது. கண்ணை மூட முடியாத, சிரிக்கும்போது வாய் ஒரு புறம் இழுக்கும் நிலையோடு முப்பது ஆண்டுகள் வாழப் போகிறவர் நோயாளியே; மருத்துவர் அல்லர்.

எல்லாக் கட்டிகளுக்கும் உடனே சிகிச்சை வேண்டும் என்பதும் இல்லை. எட்டாம் நரம்பின் சிறு கட்டிகள் பல ஆண்டுகள் வளராமலே இருப்பதுண்டு. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவே. ஒன்பது மில்லிமீட்டர்க் கட்டியும் நல்ல கேள்வித் திறனும் உள்ள ஒருவரை, ஆறு மாதத்திற்கோ ஓராண்டிற்கோ ஒருமுறை படமெடுத்துக் கவனித்து வருவது சோம்பல் அன்று, அதுவும் சிகிச்சையே. ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்குக் கதிர் அறுவை நல்ல வழியாக அமையலாம். அது கட்டியைக் கரைப்பதில்லை. வளராமல் நிறுத்துவதே அதன் நோக்கம். முதல் சில மாதங்களில் கட்டி சற்று வீங்கவும் கூடும். இந்த மூன்று வழிகளையும் உங்கள் முன் வைத்துப் பேசாமல், ஒரே வழியை மட்டும் கூறி, நாளைக்கே அனுமதியாகச் சொன்னால், அவசர நிலை இல்லாதவிடத்துச் சற்று நில்லுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். அதனால் எங்களுக்கு எவ்விதத் தாழ்வும் இல்லை.

அரிய நோய்க்கு அனுபவமே பெரிய கருவி. நம் நாட்டில் நரம்பு அறுவைக்கெனத் தனித்துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியை ஆரம்பித்தார். மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் அதுல் கோயலும் அவர்தம் குழுவினரும் ஐந்தாம் நரம்புக் கட்டிகள் எழுபத்து மூன்றை அறுவை செய்த அனுபவத்தை 2003இல் வெளியிட்டனர். இவ்வளவு அரிய கட்டியில் அத்தனை பேரை ஒரே குழு கண்டது உலக அளவில் பேசப்பட்டது. ஒரே கட்டியைப் பலமுறை கண்ட கண்களுக்கே, எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும். எங்கள் கைக்கு எட்டாததென்று தோன்றும் நோயாளிகளை வேலூருக்கோ சென்னைக்கோ நாங்கள் அனுப்பிவைக்கிறோம். அப்போது சிலர், கைவிட்டுவிட்டார்கள் என்று வருந்துகின்றனர். அனுப்பிவைப்பது கைவிடுவது அன்று. தெரிந்த கையில் ஒப்படைப்பது.

எனவே அறுவை சிகிச்சைக்கு இசைவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன், கீழ்க்கண்டவற்றைக் கேட்குமாறு வேண்டுகிறோம். காத்திருத்தல், கதிர்வீச்சு, அறுவை ஆகிய மூன்றில் எனக்கு எது, ஏன்? இந்த வழியைத் தேர்ந்தால் எந்த நரம்பு ஆபத்திற்கு உள்ளாகும்? கட்டியின் எப்பகுதி எட்டாமல் போகக்கூடும்? நரம்பு அறுவை மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் இணைந்து செய்வார்களா? அறுவையின்போது நரம்பின் செயற்பாட்டை மின்கருவி கொண்டு கண்காணிப்பார்களா? இத்தகைய கட்டிகளை இக்குழு இதுவரை எத்தனை முறை அகற்றியுள்ளது? இறுதியாக, வீடு திரும்பிய முதல் மாதம் எப்படி இருக்கும்? இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதிக்கொண்டு வருபவரைக் கண்டு நாங்கள் மகிழ்வோம். செலவைப் பற்றிய கவலை இருப்பின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பத்திற்கு இடமுண்டா என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய பிறகு அன்று.

உடனிருந்து பார்ப்பவர்களுக்குச் சில சொற்கள். முகம் மரத்திருப்பவருக்குக் கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது. அதனுடன் கண்ணிமையும் மூடாவிட்டால் கருவிழியில் புண் விரைவில் உண்டாகும். சொட்டு மருந்தையும், இரவில் களிம்பையும், இமையை ஒட்டி மூடுவதையும் ஒரு நாளும் விடாதீர்கள்; கண் சிவந்தால் வலி இல்லை என்று எண்ணிக் காத்திராதீர்கள். மூக்கு வழிச் சிகிச்சைக்குப் பின் நாங்கள் சொல்லும் வரை மூக்கைச் சிந்தக் கூடாது. கனமான பொருளைத் தூக்கக் கூடாது. மலச்சிக்கலுக்கு இடம்தரக் கூடாது. குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலும், தொண்டையில் உப்புக் கரிப்பாக நீர் இறங்கினாலும், காய்ச்சலோடு கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் கண்டாலும், நேரம் பாராமல் உடனே வந்துவிடுங்கள். சளி என்று நினைத்துக் கைவைத்தியம் செய்ய வேண்டாம். விழுங்குவதில் இடர் உள்ளவருக்கு, பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் சொல்லும் வரை தண்ணீரையும் அவசரமாகப் புகட்டாதீர்கள்.

வருமுன் அறிவதற்கும் வழி உண்டு. ஒரு காதில் மட்டும் கேள்வி குறைந்தாலோ, கைப்பேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டே இருக்க நேர்ந்தாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தாலோ, வயது முதிர்ச்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல்லில் குறையொன்றும் தெரியாத நிலையில் ஒரு பக்கக் கன்னமோ தாடையோ மரத்துப்போனால், பல்லை எடுக்கும் முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலோர்க்குக் கட்டி இராது. இருப்பவர்க்கோ, சிறிய நிலையில் கண்டறிவதே வழிகளை மிகுதியாக்கும். உண்மையான சிறு சிகிச்சை என்பது கட்டி சிறிதாக இருக்கும்போது கிடைப்பதே.

ஜீயபுரத்துத் தாயாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அறுவை ஒன்பது மணி நேரம் நீடித்தது. மூளைத்தண்டை அழுத்திய பகுதி முழுவதும் நீங்கியது. கண் நரம்புகள் செல்லும் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சிறு கீற்றை விட்டுவிட்டோம். நான்காம் மாதத்தில் இரட்டைப் பார்வை மறைந்தது. கன்னத்தின் மரப்பு நீங்கவில்லை. நீங்காமலும் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். வலப்புறம் மெல்லும் வலிமை பாதிதான் திரும்பியது. உணவை இடப்புறம் ஒதுக்கிச் சாப்பிடவும், அவ்வப்போது வாயோரத்தைக் கையால் தொட்டுப் பார்க்கவும் பழகிக்கொண்டார். ஆண்டுக்கு ஒருமுறை படமெடுக்க வருகிறார். சென்ற முறை வந்தபோது, தாம் கட்டிய சரம் ஒன்றை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, "நூல் ஒண்ணாத்தான் தெரியுது ஐயா" என்றார். அவர் தலையிலிருந்த தழும்பை நாங்கள் தேடிப் பார்க்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வெட்டு சிறிதாக இருக்க இயன்றால் நன்று. அதற்காகத்தான் நாங்களும் நாள்தோறும் கற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதனினும் முதன்மையானது இழப்பு சிறிதாக இருப்பது. அடுத்த முறை எங்களிடம் வரும்போது, உங்களுக்கு எதை இழக்க மனமில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். எந்த வழியில் செல்வது என்பதை அதன் பிறகு சேர்ந்தே முடிவு செய்வோம்.